லவ்டே இறங்கிய குழி

லவ்டே திரெம்பத் தன் மகளைக் கயிற்றில் கட்டித்தான் வளர்த்தாள். மூன்று வயதுக் குழந்தை, பெயர் கெசையா. இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, அதிலிருந்து எட்டடிக் கயிறு, கயிற்றின் மறுமுனை கூடார வாசலில் அடித்த முளையில். பள்ளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஒரு வாரம் தங்கினால் அவர்களும் கயிறு வாங்கப் போவார்கள். ஆஸ்திரேலியத் தங்க வயலான பெண்டிகோவைச் சுற்றியிருந்த பள்ளங்களில் எங்களுடைய நொண்டிக்குதிரைப் பள்ளம் சின்னதுதான். ஆனாலும் பத்தடிக்கு ஒரு குழி வாய் திறந்து கிடந்தது. பாதி குழிகள், தோண்டியவர்கள் விட்டுவிட்டுப் போனவை. மூடி வைக்கப் பலகை கிடையாது. பலகை இருந்திருந்தால் முதலில் வீட்டுத் தரையில்தான் போட்டிருப்போம்.

வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். கப்பல் பாய்த் துணியில் தைத்த கூடாரம். உள்ளே மாவுச் சாக்குகளை ஒட்டுப்போட்டு ஒரு தடுப்பு. நான்கு கவைக் கம்புகளை மண்ணில் நட்டு, குறுக்கே கழிகள் கட்டி, மேலே வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டால் அது கட்டில். மரப்பட்டையும் மண்கட்டியும் சேர்த்து எழுப்பிய புகைபோக்கி, அதன் உச்சியில் அடி உடைந்த ஒரு பீப்பாய். தரை வெறும் களிமண். கோடை முழுக்க லவ்டே அதை ஈரச் சாக்கால் துடைத்துத் துடைத்துச் செங்கல்லைப் போல இறுக்கி வைத்திருப்பாள். ஜூன் மாத மழை பிடித்ததும் அது தன் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். போன ஜூனில் அவர்களுடைய கட்டில் கால்கள் நான்கு விரற்கடை சேற்றில் இறங்கின. அந்த மாதத்தில்தான் அவர்களுடைய ஏழு வாரத்துப் பையன் இருமி இருமிச் செத்தான். சோப்புப் பெட்டிப் பலகையில் பெயர் எழுதி மேட்டில் நட்டார்கள்.

"இன்னொரு மழைக்காலம் இந்த மண்ணு மேல படுக்க மாட்டேன், ஹனோராக்கா" என்று லவ்டே அன்றைக்கு என்னிடம் சொன்னாள். அழவில்லை. மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

பலகைத் தரை வேண்டுமென்றால் குழிதான் கொடுக்க வேண்டும். குழி அப்போது நாற்பதடி. தங்கம் படிந்த சரளை மண் அறுபதடியில் இருப்பதாகப் பள்ளத்தில் பேச்சு. லவ்டேயின் புருஷன் டிகோரி கீழே வெட்டுவான். மேலே ராட்டினத்தைச் சுற்றி வாளியை இழுப்பவர் ஹானிபல் மாமா. உறவெல்லாம் கிடையாது. மூவரும் இங்கிலாந்தின் சுரங்கச் சீமையான கார்ன்வாலைச் சேர்ந்தவர்கள், அங்கே வயதானவர் எவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் வெள்ளீயச் சுரங்கத் தூசியைத் தின்ற நெஞ்சு அவருக்கு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். குழிக்குள் இறங்க ஆகாது.

நான் அயர்லாந்துக்காரி. புருஷன் வரும் வழியில் கப்பலிலேயே செத்துப்போனான். தனி ஆட்களுக்குச் சட்டை துவைத்துக் கொடுத்துப் பிழைத்தேன். என் துவைக்கும் தொட்டி திரெம்பத்துகளின் குழிக்கு இருபதடி தள்ளி இருந்ததால், நடந்தது எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டிகோரி வாளியில் உட்கார்ந்தபடி மேலே வந்தான். அவனாக ஏறி வரவில்லை. ரத்தபேதி. அந்த மாதம் ஓடையில் தண்ணீர் இல்லை, மஞ்சள் கூழ்தான் ஓடியது. வண்டிக்காரன் கொண்டுவந்து விற்ற பீப்பாய்த் தண்ணீர் எங்கே மொண்டது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் வரிசையில் ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். டாக்டரின் கூடாரத்தில் எல்லோருக்கும் ஒரே மருந்து, சுண்ணாம்புத் தூளும் அபினும். டிகோரி அதைக் குடித்துவிட்டு முகத்தில் ஈ மொய்க்கக் கிடந்தான். லவ்டே ஈ ஓட்டுவாள், சட்டியைக் கொட்டுவாள், பார்லிக் கஞ்சி வைப்பாள், கயிற்றில் சிக்கிய குழந்தையைப் பிரித்துவிடுவாள். மறுபடி ஈ ஓட்டப் போவாள்.

நோய் ஒரு பக்கம். பள்ளத்தின் விதி இன்னொரு பக்கம். குழியில் ஒரு முழுப் பகல் வேலை நடக்காவிட்டால், மறுநாள் காலை யார் வேண்டுமானாலும் அதில் தன் கடப்பாரையைப் போட்டுத் தன்னுடையதாக்கிக் கொள்ளலாம். காய்ச்சலோ சாவோ கணக்கில் வராது. நாங்கள் எல்லோருமாகக் கை தூக்கி ஒத்துக்கொண்ட விதிதான் அது.

புதன்கிழமை விடியும்போதே ரூபன் ஆம்ப்ளர் வந்து குழியோரத்து மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். யார்க்‌ஷயர்க்காரன். அவனும் அவன் அண்ணன் ஈனக்கும் தோண்டிய மூன்று குழிகளிலும் தண்ணீர்தான் கிடைத்தது. கடப்பாரையை மடியில் குறுக்காக வைத்திருந்தான். லவ்டே வெளியே வந்ததும் தொப்பியை எடுத்தான்.

"வீட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு?"

"சாகல."

"அய்யோ, நான் அப்படி நெனக்கலம்மா. குழி நல்லாருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்."

"குழி நல்லாத்தான் இருக்கு. அதுக்குப் பேதி இல்ல."

ரூபன் சிரித்தான். எழுந்து போகவில்லை.

லவ்டே ஹானிபல் மாமாவின் கூடாரத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது அவர் பின்னாலேயே வந்தார், தலையை ஆட்டிக்கொண்டே.

"முடியாதுன்னா முடியாது பொண்ணே. நீ எறங்குனா நான் ராட்டினத்தத் தொட மாட்டேன்."

"ஏன் மாமா? ஊர்ல பன்னெண்டு வயசுலேர்ந்து சுத்தியல் புடிச்சவ நான். உங்க மாதிரி ஆம்பளைங்க அனுப்புன கல்லையெல்லாம் ஒடச்சது யாரு?"

"மேல ஒடச்ச. மேல. பொம்பள மண்ணுக்கு மேல இருக்குற வரைக்கும்தான்..." மூச்சு வாங்கினார். "கீழ இருக்குறவங்களுக்கு அது ஆகாது."

கீழே இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னது, சுரங்கத்துக்குள் பாறையைத் தட்டிக்கொண்டிருக்கும் குட்டி மனிதர்களை. கார்ன்வால்காரன் கடவுளுக்குப் பயப்படுவான், அடுத்தபடியாக இவர்களுக்குப் பயப்படுவான். குழிக்குள் சீட்டி அடிக்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டில் கடைசி மூலையை அவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும். பெண் கால் வைத்தாலோ கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகும்போது தங்கத்தையும் கொண்டு போவார்கள், சில சமயம் கூரையையும் தள்ளிவிட்டுப் போவார்கள்.

"அவுங்க கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணிக்கலாம் மாமா. இந்த யார்க்‌ஷயர்க்காரன் மடியில வச்சிருக்கானே, அதை என்ன பண்றது?"

ஹானிபல் மாமா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

அவள் என் தொட்டிக்கு வந்தாள். வேண்டிக் கேட்கவெல்லாம் இல்லை. "உங்க கை நல்ல கை, ஹனோராக்கா" என்றாள். பதினாறு பேருடைய துணியைப் பிழிகிற கை, ராட்டினத்தைச் சுற்றாதா? எனக்கு அந்தக் குட்டி மனிதர்களிடம் பயமில்லை. எங்கள் ஊரில் வேறு ஆட்கள் உண்டு, அவர்கள் சுரங்கத்துக்குள் வருவதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

பாவாடையை முழங்காலுக்கு மேலே இழுத்துக் கட்டினாள். ஊரில் கல் உடைத்தபோது போட்டுக்கொண்ட வெள்ளைத் துணிக்குல்லாயைப் போட்டு, நாடாவை மோவாய்க்கடியில் முடிந்தாள். மெழுகுவர்த்தி ஒன்று. ஒரு காலை வாளியில் வைத்து, கயிற்றைப் பிடித்தாள். நாற்பதடி. பாதியில் ஒருமுறை கயிறு ஆடியது. கீழே பார்த்தேன். குல்லாய் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. முதலில் கோணல்மாணலாக, பிறகு சீராக.

ரூபன் எழுந்து எட்டிப் பார்த்தான். "அட" என்றான். மறுபடி உட்கார்ந்தான்.

அன்று பதினெட்டு வாளி மண் வந்தது. டிகோரி அறுபது வாளி அனுப்புவான். பதினெட்டும் வேலைதான். சாயங்காலம் மேலே வந்தவள் குழந்தையைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தாள், கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய் ஈ ஓட்டினாள். அபின் மயக்கத்தில் இருந்த டிகோரி அவளுடைய கையை மோந்துபார்த்துவிட்டு, "மண்ணு வாடை அடிக்குது" என்றான். "வீடு பூரா மண்ணுதானே" என்றாள் அவள்.

இப்படியே நாட்கள் போயின. கார்ன்வால் ஆண்கள் அந்த வழியாக நடப்பதை நிறுத்தினார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் என்னிடம் துவைக்கப் போட்டிருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஹானிபல் மாமா தினமும் பெட்டியோடு வந்து முதுகைக் காட்டி உட்காருவார். முதுகாலேயே எல்லாவற்றையும் பார்ப்பார்.

"கயிறு இழுக்குற சத்தம் சரியில்ல. அச்சுல கொழுப்பு தடவச் சொல்லு."

"யாருகிட்ட சொல்றீங்க மாமா?"

"யாருகிட்டயும் சொல்லல. காத்துகிட்ட சொல்றேன்." கொஞ்சம் கழித்து, "அவ ரொட்டி தின்னாளே, மூலைய வச்சாளா?"

நான் குழிக்குள் குனிந்து கத்தினேன். "ஏ லவ்டே! மூலைய வச்சியான்னு காத்து கேக்குது!"

"வச்சேன்னு காத்துகிட்ட சொல்லுங்க!"

நாற்பத்தாறு அடி. ஒன்பதாம் நாள் ஆம்ப்ளர் சகோதரர்கள் பொறுமை இழந்து, தகராறுகளைத் தீர்க்கிற அதிகாரியான வார்டனைக் கூட்டி வந்தார்கள். வார்டனுக்குக் கழுத்தில் கட்டி. தலையைத் திருப்ப முடியாததால் குதிரையை விட்டு இறங்காமல், யாரோடு பேச வேண்டுமோ அந்தப் பக்கம் குதிரையைத் திருப்பித் திருப்பி விசாரித்தார். பள்ளமே கூடிவிட்டது.

"துரை, உரிமைச் சீட்டு புருஷன் பேர்ல இருக்கு" என்றான் ஈனக். "அவன் ஒம்பது நாளா படுக்கையில. விதிப்படி பாத்தா குழி சும்மா கெடக்கு."

"அந்த மண்ணக் கொட்டுனது யாரு?"

"அந்தம்மா."

"அப்ப சும்மா கெடக்கலியே."

"பொம்பள செய்றதெல்லாம் வேலையில சேருமா துரை?"

"அப்ப உன் கால்சட்டைய இனிமே நீயே தொவச்சுக்க ஈனக்" என்றேன் நான். "அதுவும் வேலையில சேராதுல்ல."

சிரிப்பு அடங்கட்டும் என்று வார்டன் காத்திருந்தார். பிறகு குதிரையை லவ்டே பக்கம் திருப்பினார். அவள் அப்போதுதான் மேலே வந்திருந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் மண் நிறமில்லாமல் இருந்தன.

"சீட்டுக்காரன் வேலை செய்யணும். இல்ல அவன் வச்ச கூலியாள் செய்யணும். நீ அவனோட கூலியாளா?"

"ஆமா துரை."

"எத்தன நாளா?"

"வர்ற செப்டம்பர் வந்தா ஒம்பது வருஷம்."

"கூலி எவ்வளவு?"

"சாப்பாடு உண்டு துரை. அதையும் நானே ஆக்கிக்கணும்."

வார்டன் சிரிக்கப் போய், கழுத்து வலித்து நிறுத்திக்கொண்டார். "குழி திரெம்பத்தோடது. அவன் கூலியாள் வேலை செய்யுது. அவ்வளவுதான்" என்று குதிரையைத் தட்டினார். ஈனக் காறித் துப்பிவிட்டுப் போனான். ரூபன் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் டிகோரி எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் கால்சட்டையைக் கேட்டான். அது அவனுக்கு இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவனிடம், குழி எப்படித் தப்பியது என்பதை ஹானிபல் மாமா சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்கள் ஊரில் அதை மறைப்பதுதான் பாவம்.

லவ்டே குழியிலிருந்து வந்தபோது கிண்ணம் கீழே கிடந்தது. கெசையா கஞ்சியை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

"அந்தக் குழி இனி எனக்கு ஆகாது" என்றான் டிகோரி.

"அம்பதடி போயிருக்கு. நாப்பதுல விட்டுட்டுப் படுத்தீங்க."

"நூறடி போயிருந்தாலும் ஆகாது. ஆம்ப்ளர் எடுத்துக்கட்டும். அந்தாண்டை சரிவுல புதுசா ஒண்ணு போடுவோம்."

"முதல் அடியிலேர்ந்தா? ஜூன் மாசம் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?"

"எங்கப்பாவோ தாத்தாவோ, பொம்பள கால் பட்ட எடத்துல ஒருத்தரும் எறங்குனதில்ல."

"எறங்கலதான். உங்கப்பா தலையில அறுபதடி மண்ணு விழுந்துச்சே. அன்னிக்கு எந்தப் பொம்பள எறங்குனா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். "நீங்க கோவப்படுங்க. பரவால்ல. போன ஜூன்ல நம்ம பையன் படுத்திருந்த எடத்துல இவ படுக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான்" என்றாள்.

அவன் உள்ளே போய்ச் சாக்குத் தடுப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை லவ்டே குல்லாயோடு வந்து ராட்டினத்தின் பக்கத்தில் நின்றாள். நான் என் தொட்டியிலிருந்து நகரவில்லை.

"வாங்க ஹனோராக்கா."

"இன்னிக்கு வரல. உன் ஆம்பள நடமாடுறான். பதினாறு பேரு துணி அழுகுது."

என் கைத்தோல் கிழிந்திருந்தது உண்மை. துணி நாறியதும் உண்மை. ஆனால் அதற்காக மட்டும் நான் மறுக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். புரிந்ததா என்று தெரியவில்லை. குழியோரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். ஹானிபல் மாமா வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ரூபன் கடப்பாரையோடு வந்தான். கெசையா கயிற்றின் எல்லை வரை போய், அங்கிருந்து எறும்புகளைப் பார்த்தாள். வெயில் ஏறியது. மத்தியானமாயிற்று. ஒரு வாளி மண்கூட வரவில்லை.

கூடாரத்துக்குள் இருந்தவனுக்கு எல்லாம் கேட்கும். துணிச்சுவர்தானே.

ரூபனுக்கே பொறுக்கவில்லை. எழுந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போனான்.

"ஏம்மா, நான் வேணா சுத்தட்டுமா?"

"நீயா?"

"குழி எனக்குக் கெடச்சா சந்தோஷம்தான், பொய் சொல்லல. ஆனா இப்படி ஒருத்தர் உக்காந்திருக்குறதப் பாத்துக்கிட்டு எப்படிம்மா... நாளைக்கு வந்து மறுபடி இங்கயே உக்காந்துக்குறேன். இன்னிக்கு சுத்துறேன். ஏறுங்க வாளியில. கயிற நல்லாத்தான் புடிப்பேன்."

லவ்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி" என்று எழுந்தாள். சத்தமாகவே சொன்னாள்.

ஒரு காலை வாளியில் வைத்துவிட்டாள். ரூபன் கைப்பிடியைப் பிடித்துவிட்டான். அப்போது கூடாரத் துணி விலகியது. டிகோரி கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி வந்தான். நடந்து வர நேரமாயிற்று. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான்.

"நகருய்யா" என்றான் ரூபனிடம்.

"உங்களால முடியுமா?"

"என் கூலியாளு. என் கயிறு. நகரு."

ரூபன் நகர்ந்தான். டிகோரி கைப்பிடியைப் பிடித்தான். இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. கெசையாவை ஓடிப்போய் அவிழ்த்து, அவளுடைய துணிப்பட்டையை நான்தான் அவன் இடுப்பில் கட்டிவிட்டேன். குழந்தையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் லவ்டேயின் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக இறக்கினான். அன்று ஆறு வாளி. ஹானிபல் மாமா எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

டிகோரி அந்தக் குழிக்குள் அதன்பிறகு ஒரு நாளும் இறங்கவில்லை. உடம்பு தேறியபின்பும் இறங்கவில்லை. அவன் மனம் மாறிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே என்று பள்ளமே கேலி பேசியது. அவன் ராட்டினத்தைச் சுற்றினான். ஒரு வாரம் கழித்து ஹானிபல் மாமா பெட்டியோடு திரும்பி வந்தார். முதுகைக் காட்டவில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

இன்னொரு விஷயமும் அதனால் வந்தது. கீழே இருப்பவள் சமைக்க முடியாது, மேலே இருப்பவன்தான் அடுப்பைப் பார்க்க வேண்டும். கார்ன்வால்காரர்கள் சுரங்கத்துக்குக் கொண்டுபோவது பேஸ்டி. மாவை வட்டமாகத் தேய்த்து, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை முறுக்கிச் சுடுவது. ஒரு மூலையில், தின்னப் போகிறவனுடைய பெயரின் முதல் எழுத்தை மாவாலேயே ஒட்டுவார்கள். எழுத்தில்லாத பக்கத்திலிருந்து தின்று வர வேண்டும். கடைசியில் எழுத்து இருக்கும் மூலை மிஞ்சும், குட்டி மனிதர்களுக்கு அது. யார் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஒன்பது வருடமாக டிகோரிக்கு லவ்டே எழுத்து ஒட்டியிருக்கிறாள். தனக்குச் சுட்டுக்கொண்டதில் எழுத்து வைத்ததில்லை. மண்ணுக்கு மேலே இருப்பவர்களுக்கு அது தேவையில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். குழி ஐம்பத்தெட்டடி. டிகோரி ஏதோ ஒன்றைத் துணியில் சுற்றி வாளியில் வைத்து இறக்கினான். நான் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் கருகி, முறுக்கு பிரிந்து, சாறு வழிந்து காய்ந்திருந்தது. மூலையில் கோணலாக ஓர் எழுத்து. அவளுடைய எழுத்து.

கீழே கடப்பாரைச் சத்தம் நின்றது.

ஹானிபல் மாமாதான் பொறுக்க மாட்டாமல் குனிந்தார். "பொண்ணே! மூலைய வச்சியா?"

"இல்ல மாமா."

"என்னது?"

"பசி மாமா. எல்லாத்தையும் தின்னுட்டேன்."

ஹானிபல் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். டிகோரி குழிக்குள் பார்த்தான், பிறகு அடுப்புப் பக்கம் பார்த்தான். கூடாரத்துக்குள் போய், தனக்கென்று சுட்டு வைத்திருந்ததிலிருந்து ஒரு மூலையைப் பிய்த்து எடுத்து வந்தான். அதில் எழுத்து இல்லை. வாளியில் போட்டான்.

"இத வையி" என்று கீழே சொன்னான். கயிறு முழுக்க இறங்கும் வரை கைப்பிடியை விடவில்லை.